அசையாமல் ஜெயித்த அல்வின் ரோடே

அமெரிக்காவில் ஜெர்மன்காரர்கள் நிறைந்த எங்கள் மில்வாக்கியில் அல்வின் ரோடேயைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவனோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டவர்கள் யாரென்று கணக்குப் பார்த்தால் நான் ஒருவன்தான் தேறுவேன். அப்படிப்பட்ட நானும் அவனை எந்த லட்சணத்தில் அறிந்திருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரார் சொல்லும் கதை வேறு. 'சும்மா கிடந்தே தங்கப் பதக்கம் வாங்கியவன்' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அல்வின் ஐஸ்காரன். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் இறங்கிக் கட்டி கட்டியாக அறுப்பான். கோடையில் அதையே குதிரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகப் போடுவான். ஆள் இருநூற்றெழுபது பவுண்டு. அந்த உடம்புக்குக் குரல் மட்டும் சின்னது. ஐஸ்காரனிடம் யாரும் பேச வேண்டிய அவசியமே எங்கள் ஊரில் இல்லை. ஜன்னலில் ஓர் அட்டையை வைத்துவிடுவார்கள். இருபத்தைந்து என்று தெரிந்தால் இருபத்தைந்து பவுண்டு, ஐம்பது என்றால் ஐம்பது. அட்டை இல்லையென்றால் அன்று ஐஸ் வேண்டாம். அவன் பின்படிக்கட்டு வழியாக ஏறி, சமையலறையில் இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் கட்டியை இறக்கி, தரையில் சொட்டிய தண்ணீரைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கிவிடுவான். நான்கு தெருக்களை முடித்தும் ஒரு வார்த்தை பேசாமல் குதிரையை ஓட்டி வந்த நாட்கள் உண்டு என்று சொல்லியிருக்கிறான். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான்.

நான் எமில் ஷூர், டிராம் கம்பெனியில் நேரக்காரன். தெருமுனையில் கடிகாரத்தோடு நின்று, எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிப்பது என் பிழைப்பு. பன்னிரண்டு வருடம் நின்றும் ஓட்டுநர்களில் ஒருவன் முகம்கூட எனக்குப் பழகவில்லை. வண்டி எண்தான் தெரியும். என் மனைவி ஹெட்விக்குக்குக் கோபம் வந்தால் இதைத்தான் எடுப்பாள். "உனக்கு மூஞ்சியெல்லாம் எதுக்கு? நான் செத்தாக்கூட மணி என்னன்னுதான் பாப்ப" என்பாள். வாய்க் கொழுப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

நகராட்சிக் குளியல் மண்டபத்தில்தான் அல்வினைப் பார்த்தேன். அவன் குடியிருந்த விடுதியில் அவன் உடம்பு கொள்ளும் தொட்டி இல்லை, அதனால் சனிக்கிழமை தோறும் அங்கே வருவான். அன்று நீச்சல் குளத்தின் மேட்டில் நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை ஒன்றோடொன்று கொக்கிபோலக் கோத்துக்கொண்டு பாய்ந்தான். பாய்ந்தவன் நீந்தவில்லை. முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்திருக்க, கையைக் காலை ஆட்டாமல், ஏரியில் அறுத்துவிட்ட ஐஸ் கட்டி போகிற மாதிரி அப்படியே வழுக்கிக்கொண்டு போனான். பழக்க தோஷம், என் கை தானாகக் கடிகாரத்தை எடுத்துவிட்டது. வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினான்.

"அம்பத்தொம்பது செகண்டு" என்றேன்.

"என்னது?"

"நீங்க கிடந்த நேரம்."

தண்ணீர் வழிய வழிய என்னைப் பார்த்தான். "நீங்க என்னையப் பாத்துக்கிட்டிருந்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்தப் பெரிய முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே இல்லை. அதற்கு நான் தகுதியானவன் இல்லை என்று தெரியவந்தது இருபது வருடம் கழித்துத்தான்.

இப்படிப் பாய்ந்து மிதப்பதற்குப் போட்டியே இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னவன் நான். கரையிலிருந்து ஒரே பாய்ச்சல். அதற்குப் பிறகு அசையக் கூடாது. ஒரு நிமிடம் முடியும்போது, அல்லது அதற்கு முன்பே முகத்தைத் தூக்கினால் அந்த இடத்தில், எத்தனை அடி வந்திருக்கிறான் என்று அளப்பார்கள். முகம் நீருக்குள் இருப்பவனுக்கு நிமிடம் முடிந்தது எப்படித் தெரியும்? அதற்காக நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். நான் ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் நுனியில் துணி சுற்றிய நீளக் குச்சியோடு கரையோரமாகக் கூடவே நடப்பேன். அறுபது ஆனதும் தோளில் ஒரு தட்டு.

"உள்ள கிடக்கும்போது என்னடா நினைப்ப?" என்று ஒருமுறை கேட்டேன். அதற்குள் டா போடுகிற அளவுக்கு வந்திருந்தோம்.

"ஒண்ணும் நினைக்க மாட்டேன். சத்தமே இருக்காது. விடுதி ரூம்லயும் சத்தம் இருக்காதுதான், ஆனா அது வேற. இங்க நீ தட்டுவல்ல? அதுக்காகக் கிடப்பேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு, செயின்ட் லூயிஸில் உலகப் பொருட்காட்சியும் ஒலிம்பிக்கும் சேர்ந்து நடந்த வருடம் நாங்கள் இருவரும் ரயிலேறினோம். நீச்சலுக்கென்று வெட்டியிருந்த ஏரியில் தண்ணீர் பழுப்பாக நாறியது. கரைக்குப் பதில் ஒரு தெப்பம். அல்வின் ஏறி நின்றதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவர்களின் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. போட்டியிட்டவர்கள் ஐந்தே பேர், ஐந்து பேரும் அமெரிக்கர்கள், ஐந்து பேரும் தடியர்கள். அல்வின் அறுபத்து மூன்று அடி போனான். அடுத்தவனைவிட ஐந்து அடி கூடுதல். பதக்கத்தைக் கையில் வாங்கியதும் அவன் முதலில் தேடியது என்னை. கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துக் குழந்தைபோலக் கையை ஆட்டினான்.

ஊருக்குத் திரும்பியபோது ரயில் நிலையத்தில் பாண்டு வாத்தியம் வைத்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'நமது ஊர்க்காரர் படுத்துக்கொண்டே வென்றார்' என்று போட்டார்கள். அதோடு தொலைந்தது. மதுக்கடைக்குள் அல்வின் காலெடுத்து வைத்தால் போதும், யாராவது மேஜைமேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டிக் காட்டுவான்.

"அல்வின், அடுத்த தடவை தூங்குறதுக்குப் பதக்கம் குடுக்கறாங்களாம், போறியா?"

"யாரை ஜெயிச்ச? நாலு குண்டனுங்களைத்தானே? ஒரு அலை வந்திருந்தா அஞ்சு பேருக்கும் தங்கம்!"

அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். கடைசி ஆள் சிரித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு எழுந்து போவான்.

ரொட்டிக் கடையில் வேலை பார்த்த எர்னா என்ற பெண்ணின் மேல் அவனுக்கு ஒரு பிரியம் இருந்தது. அவளுக்கும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன், கறுப்பு ரொட்டியில் பெரிய துண்டாகப் பார்த்து அவனுக்கு எடுத்து வைப்பாள். பெண்களும் வந்து பார்க்கலாம் என்று மண்டபத்தில் ஒரு நாள் விட்டபோது அவளை அழைத்து வந்தான். அவன் பாய்ந்தான், நான் நடந்தேன். முப்பது வினாடி இருக்கும், எர்னா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போன ஹெட்விக்கிடம், "என்னால பாக்க முடியலக்கா. பொணம் மாதிரி கிடக்குறாரு, அவரு சாகலன்னு எப்படித் தெரியும்?" என்றாளாம். வசந்த காலத்தில் ஒரு செருப்புக் கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அல்வின் அந்தத் தெருவிலும் ஐஸ் போட்டான். அவள் ஜன்னலில் ஐம்பது என்று அட்டை இருக்கும்.

அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியை எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்ததிலும் இல்லை. அல்வின் நீச்சல் சங்கத்துக்கு நான்கு கடிதம் எழுதினான். ஒன்றுக்குப் பதில் வந்தது. பார்வையாளர்களுக்கு அலுப்புத் தட்டுவதாக எழுதியிருந்தார்கள். ஓடினால் பார்க்கிறார்கள், குத்தினால் பார்க்கிறார்கள், ஒரு மனிதன் மூச்சை அடக்கிக்கொண்டு சும்மா கிடப்பதை ஒரு நிமிடம் பார்க்க முடியவில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அல்வின் வாங்கி மடித்து வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே ஒரு எண்தான். எழுபது அடி. "எழுபது போய்ட்டா யாரும் அஞ்சு குண்டன்னு சொல்ல மாட்டாங்க எமில். அது நெசமான தூரம்" என்பான். உள்ளூர்ப் போட்டிகளில் அறுபத்தாறு வந்தது, அறுபத்தெட்டு வந்தது. எழுபது வரவில்லை. போர் வந்து போயிற்று, ஜெர்மன் பேசினால் முறைத்தார்கள், பீரையும் தடை செய்தார்கள், அவன் தலை நரைத்தது. சனிக்கிழமை தோறும் அவன் பாய்வதும் நான் குச்சியோடு நடப்பதும் மட்டும் நிற்கவில்லை. முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு அடையும் ஈரல் தொத்திறைச்சியும் சாப்பிட்டுவிட்டு, ஹெட்விக்குக்கு ஒருமுறை, எனக்கு ஒருமுறை நன்றி சொல்லிவிட்டுப் போவான். வாரத்தில் அவன் பேசுகிற பேச்சு முக்கால்வாசி அந்த ஒரு சாப்பாட்டில்தான்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது நடக்கும்போது, அந்த மார்ச்சோடு போட்டியைத் தன் பட்டியலிலிருந்தே நீக்குவதாகச் சங்கம் அறிவித்தது. கடைசியாக ஒரு முயற்சிக்கு அனுமதி கேட்டு நான் எழுதினேன். ஹார்ட்விக் என்ற நடுவரைச் சிகாகோவிலிருந்து அனுப்பினார்கள், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஐம்பது அறுபது பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள், பழைய மதுக்கடைக் கூட்டமும் உட்பட. குளத்தின் ஓரச் சுவரில் அடிக்கணக்கைப் பெரிதாக எழுதியிருந்தோம். ஐம்பது அடிக்கு நேராக ஒரு பச்சைத் தூண்.

மண்டபத்தில் துண்டு துவைக்கவும் எடுத்துக் கொடுக்கவும் நேஷா என்ற பெண் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஸ்லோவேனியாக்காரி, விதவை, ஏதோ ஏரிக்கரை ஊர். எங்கள் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரியும். அல்வின் யார், இது என்ன போட்டி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? ஊருக்கே தெரிந்த விஷயம்.

அல்வின் மேட்டில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டான். எப்போதும் பத்து முறை இழுப்பான். அன்று முப்பது முறையாவது இழுத்திருப்பான். "எமில், தட்டுவல்ல?" என்றான்.

"எப்பவாவது தட்டாம இருந்திருக்கேனா? போடா."

பாய்ந்தான். அந்த உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போய் நான் கண்டதே இல்லை. பத்து வினாடி, இருபது வினாடி. பச்சைத் தூணைத் தாண்டினான். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், சுவரில் எண்ணைப் பார்ப்பேன், திரும்பக் கடிகாரத்தைப் பார்ப்பேன். அறுபது அடி. அறுபத்தைந்து அடி, நாற்பத்து நான்கு வினாடி! கேலி செய்த பயல்களே எழுந்து நின்று கத்தினார்கள். அறுபத்தொன்பது. பின்னால் ஒரு பெண் ஏதோ அவள் பாஷையில் கூவினாள். அவளும் உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். எழுபது அடிக் கோட்டை அல்வினின் விரல்கள் தாண்டின.

ஐம்பத்து நான்காவது வினாடியில், கையில் இருந்த துண்டுகளைப் போட்டுவிட்டு, பாவாடையும் பூட்ஸுமாக நேஷா குளத்துக்குள் குதித்தாள்.

"ஏய்! பைத்தியமே! தொடாத!" என்று அலறினேன். அதோடு நிறுத்தவில்லை. அவள் அவனிடம் போய்விடாமல் இருக்கக் குச்சியால் அவள் முதுகில் குத்தித் தள்ளினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அவள் குச்சியைத் தட்டிவிட்டு அல்வினின் தலைமயிரைப் பிடித்துத் திருப்பினாள். முகம் நீலம் பாரித்திருந்தது.

நான்கு பேர் சேர்ந்து கரையில் இழுத்துப் போட்டோம். நேஷா அவனைக் குப்புறப் போட்டு, முதுகின் மேல் உட்கார்ந்து அழுத்தினாள். நாங்கள் அறுபது பேரும் மரம்போல நின்றோம். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு நேரத்தை மட்டும் நான் கடிகாரத்தில் பார்க்கவில்லை. கடைசியில் வாயிலிருந்து தண்ணீர் கொட்டி, ஓர் இருமல் வந்தது.

அவனைத் துண்டுகளால் சுற்றிப் பெஞ்சில் உட்காரவைத்தோம். நேஷா பக்கத்தில் தலைமயிர் சொட்டச் சொட்ட நின்றாள். ஹார்ட்விக் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்து என்னை மட்டும் பார்த்தார்.

"எழுபது அடி, ஒம்பது அங்குலம். ஆனா நிமிஷம் முடியறதுக்குள்ள வேற ஆள் தொட்டிருந்தா அது செல்லாது. கடிகாரம் உங்க கையிலதான் இருந்துச்சு, ஷூர். நிமிஷம் ஆயிடுச்சுன்னு நீங்க சொன்னா நான் எழுதிக்கறேன்."

வருடக்கணக்காக அவன் கேட்ட எண் அது. என் நண்பனுக்கு நான் கொடுக்க முடிந்த ஒரே பரிசு. கொஞ்சம்கூடத் தயங்காமல், "ஆயிடுச்சு. அறுபது" என்றேன்.

அல்வின் தலையைத் தூக்கினான். "இவங்க ஏன் குதிச்சாங்க?"

நேஷா தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களைக் கோத்துக் காட்டினாள். பிறகு அவற்றைப் பிரித்துக் காட்டினாள். "விரல் விட்டுப் போச்சு. உயிரோட இருக்கிற ஆள் பிடிச்சிருந்தார். அப்புறம் பிடிக்கல. கூவினேன். யாரும் திரும்பல."

"எங்க?"

அவள் பச்சைத் தூணைக் காட்டினாள்.

ஐம்பது அடி. அங்கிருந்து இருபது அடி தூரம் நான் அவன் பக்கத்திலேயே நடந்திருக்கிறேன். அந்த விரல்களை எழுபதாவது அடிக் கோட்டில் பார்த்தவனும் நான்தான். கோட்டைத் தாண்டியதைப் பார்த்தேன். பிரிந்து கிடந்ததைப் பார்க்கவில்லை.

அல்வின் அந்தத் தூணைப் பார்த்தான். பிறகு ஹார்ட்விக்கிடம், "அம்பதுன்னு எழுதுங்க ஐயா. மீதி இருபது அடி நான் போகல. என் உடம்புதான் போயிருக்கு" என்றான்.

"அல்வின்..." என்றேன்.

"எமில், நீ என்னையப் பாத்துக்கிட்டிருந்தியா?"

முதல் நாள் கேட்ட அதே கேள்வி, அதே சின்னக் குரல். அவனிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்டா."

"ம்" என்றான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பேன். எழுந்து, போகிற போக்கில் என் தோளில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான். நான் குச்சியால் தட்டுவேனே, அப்படி. நிமிடம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் மண்டபத்துக்கு வரவில்லை. என் வீட்டுக்கும் வரவில்லை. ஹெட்விக் மூன்று வாரம் அவனுக்கும் சேர்த்து அடை சுட்டாள், பிறகு நிறுத்திவிட்டாள். நான் அவன் விடுதிக்குப் போய்ப் பார்த்தேன். நாற்காலி போட்டான், சுகம் விசாரித்தான், வாசல்வரை வந்து வழியனுப்பினான். அவ்வளவு மரியாதையாக என்னை அவன் ஒருநாளும் நடத்தியதில்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

என் தெருவில் ஐஸ் போடுவதை மட்டும் அவன் விடவில்லை. இருபத்தைந்து என்று ஜன்னலில் அட்டை இருக்கும். பின்படிக்கட்டில் கனத்த காலடி கேட்கும். பெட்டி மூடும் சத்தம், தரையைத் துடைக்கும் சத்தம், இறங்கும் சத்தம். நான் முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து போய், "காபி குடிச்சிட்டுப் போடா" என்று சொல்ல நான்கு அடிதான். அந்த நான்கு அடி எனக்கு வரவில்லை.

நேஷா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பின்வீட்டில் இருந்தாள். ஊர் வழக்கம் தெரியாததால் அவள் ஜன்னலில் அட்டையே வைப்பதில்லையாம். அல்வின் வண்டியை நிறுத்தி, கதவைத் தட்டி, எவ்வளவு வேண்டும் என்று கேட்பானாம். அவள் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில் பதில் சொல்ல, இவன் தன் அரைகுறைப் பேச்சில் கேட்க, அங்கே கால்மணி நேரம் வண்டி நிற்குமாம். ஹெட்விக்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். கல்யாணம் கில்யாணம் ஒன்றும் இல்லை, வாசலில் நின்று பேசுவதோடு சரி.

அதைக் கேட்டபின் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல வெயில் நாள், ஜூலை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். காலையில் ஜன்னலிலிருந்து அட்டையை எடுத்துவிட்டேன். அட்டை இல்லாவிட்டால் நேஷா வீட்டில்போலக் கதவைத் தட்டுவான், எவ்வளவு வேண்டும் என்று கேட்பான், நான் திறப்பேன். என்ன பேச வேண்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கடிகாரத்தையும் கழற்றி அட்டையோடு மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

வண்டி வந்தது. அல்வின் தலையைத் தூக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்தான். அட்டை இல்லை. இந்த ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் என்பது அவனுக்குத் தெரியாதா? கடிவாளத்தை லேசாகச் சுண்டினான், குதிரை அடுத்த வீட்டுக்கு நடந்தது.

ஐஸ் இல்லாமல் சாயங்காலம் பால் திரிந்துபோயிருந்தது. இழுப்பறையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கிடந்த அட்டையை ஹெட்விக் எடுத்து மறுபடி ஜன்னலில் வைத்தாள்.